பொந்துத் தேனீயின் கவசம்

சேர்வராயன் மலையிலே, ஏற்காட்டை அடுத்து, கரடியூர் என்று ஓர் ஊர் உண்டு. அது கரடிகள் உலவிய காடு என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. கரடிக்கு மிகவும் பிரியமான பதார்த்தங்கள் இரண்டு. ஒன்று கரையான்; மற்றொன்று தேன். ஆகவே கரடிக்குப் பெயர்போன மலையில் தேனீயும் செழித்திருக்க வேண்டும் என்பதற்குத் தனியாகச் சாட்சி தேவையில்லை. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பாறை விளிம்புக்கு இப்போது போகிறவர்கள் கரடியைத் தேடிப் போவதில்லை, காட்சியைத் தேடிப் போகிறார்கள். தேனீயையோ தேடுவாரே இல்லை. ஆனால் 1991-ஆம் ஆண்டுக்குப் பிறகு தென்னாட்டு மலைகளில் தேனீ பட்ட பாட்டையும், அது அடியோடு அழிந்துபோகாமல் தப்பிய விதத்தையும் அறிந்தவர்கள், ஒரு பொந்து மரத்தைக் கண்டால் நின்று பார்க்காமல் போகமாட்டார்கள்.

நமது மலைகளில் தேன் சேர்க்கும் ஈக்கள் நான்கு வகை. உயர்ந்த பாறைகளிலும் பெரிய மரக்கிளைகளிலும் ஒற்றை அடையாகக் கட்டித் தொங்கும் மலைத்தேனீ. இதன் கோபத்தைப் பற்றி மலைவாசிகளிடம் கேட்டால் கதை கதையாய்ச் சொல்வார்கள். புதரில் சிறு கொம்பைச் சுற்றிக் கட்டும் கொம்புத்தேனீ. கொட்டத் தெரியாத, சுவர் இடுக்கில் குடியிருக்கும் கொசுத்தேனீ. நான்காவது, மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் இருட்டில் அடுக்கடுக்காக அடை கட்டுகிற அடுக்குத்தேனீ. பொந்துத்தேனீ என்றும் இதைச் சொல்வதுண்டு. விஞ்ஞானிகள் இட்ட பெயர் ஏபிஸ் செரானா. இருட்டில் அடுக்காகக் கட்டும் பழக்கம் இருப்பதனால்தான் இதனைப் பெட்டியில் குடியேற்றி வளர்க்க முடிகிறது. திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1911 முதல் 1917 வரை இந்த ஈயின் உடலளவுக்கு ஏற்றபடி ஒரு சிறு பெட்டியை அமைத்துப் பலருக்கும் பழக்கிக் கொடுத்தார். இன்றும் நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் நடத்திய கிராமப் புனருத்தாரண நிலையம் ஏழைக் குடும்பங்களுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்தது. 1934-இல் காந்தியடிகளின் முயற்சியால் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கமும் தேனீ வளர்ப்பைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. முதல் அதிகம் வேண்டாம், நிலம் வேண்டாம், கொல்லையில் இரண்டு பெட்டி போதும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

சேர்வராயனுக்கு இந்த ஈ தேனுக்காக மட்டும் வேண்டியதன்று. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பியைப் பயிரிட்டார். அன்று தொடங்கி இந்த மலையின் ஜீவனம் காப்பியை ஒட்டியே நடந்துவருகிறது. இங்கே பெரும்பாலும் அராபிகாக் காப்பிதான். கோடையின் முதல் மழை, தோட்டக்காரர்கள் பூ மழை என்று கொண்டாடும் அந்த மழை, பெய்த சில நாளில் செடியெல்லாம் மல்லிகைப் பந்தலாகிவிடும். இரண்டு மூன்று நாள்தான் அந்தக் கோலம். அராபிகாச் செடி தன் மகரந்தத்தைக் கொண்டே காய்த்துவிடக் கூடியது, ஈயின் தயவு அதற்கு வேண்டாம் என்றுதான் வெகு காலம் எண்ணியிருந்தார்கள். 2002-இல் டேவிட் ரூபிக் என்பவர் பனாமா நாட்டுக் காப்பித் தோட்டங்களில் கிளைகளுக்குத் துணி மூடியும் மூடாமலும் வைத்துப் பார்த்தார். தேனீ வந்துபோன கிளைகளில் விளைச்சல் பாதிக்கு மேல் கூடுதலாக இருந்தது. ஆகவே தேனீக்கு ஒரு நோவு வந்தால், காப்பி குடிக்கிற நம் எல்லோருக்கும் அதில் சிறிது பங்கு உண்டு.

பெட்டிகள் காலியான வருஷம்

அந்த நோவு வந்தது. 1976-இல் தாய்லாந்து தேசத்தில் அடுக்குத்தேனீக் கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாய் மடிந்தன. 1978-இல் நம் நாட்டின் வடகிழக்கில் அதே வியாதி தலைகாட்டிற்று. பிறகு இமயமலைச் சாரல் வழியாக மேற்கே பரவிற்று. தெற்கே அது வந்து சேர்ந்தது 1991-92-இல். கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று ராஜ்யங்களிலும் வளர்ப்புக் கூடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. குடகிலே தேனுக்கென்றே பெயர்பெற்ற காப்பித் தோட்டங்களிலும், மார்த்தாண்டத்து ரப்பர்த் தோட்டங்களிலும் காலிப் பெட்டிகள் திண்ணையில் அடுக்கப்பட்டன. எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் பெட்டிதான் பள்ளிச் சம்பளமும் தீபாவளித் துணியும். பல பெட்டிகள் மறு வருஷம் விறகாகின.

நோய்க்குப் பெயர் தாய்லாந்து சாக்புரூட். பைப்புழு நோய் என்று தமிழில் சொல்லலாம். அதன் போக்கு இது. வேலைக்காரத் தேனீ அடையின் அறையில் இருக்கும் புழுவுக்கு ஊட்டும் உணவிலே வைரஸ் கலந்து போகிறது. புழு வழக்கம்போல் உண்டு வளர்கிறது. அறைக்கு மெழுகு மூடியும் இட்டாகிறது. அதற்குப் பின் அது தோலுரித்துக் கூட்டுப்புழுவாக மாற வேண்டும். அந்தத் தோல் உரிவதில்லை. தோலுக்கும் உடலுக்கும் நடுவே நீர் கோத்துக்கொண்டு, புழு ஒரு சிறு பைபோல் ஆகி, தலையை மேலே தூக்கியபடி மல்லாந்து இறந்து கிடக்கும். பின்பு காய்ந்து ஓடம்போல் வளைந்த சருகாகிவிடும். அந்தப் புழுவைத் துப்புரவு செய்யப் போகிற இளம் ஈயின் உடலில் வைரஸ் ஏறுகிறது. அந்த ஈக்கு வெளிக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அது அடுத்த புழுவுக்கு ஊட்டும் பாலிலே எமன் இருக்கிறான். தாய்ப்பாலே விஷமாகும் இந்த நோயைப்போல் கொடுமையான நோய் வேறொன்று உண்டா என்று நாம் எண்ணியதுண்டு.

இந்த நோயை முதலில் விவரித்துப் பெயரிட்டவர் அமெரிக்காவிலிருந்த ஒயிட் என்ற ஆராய்ச்சியாளர், ஆண்டு 1913. அங்கே அது ஐரோப்பியத் தேனீயைப் பிடிக்கும் அற்ப வியாதி. வசந்த காலத்தில் வரும், தானே போய்விடும். அதன் உறவுக்கார வைரஸ்தான் நம் அடுக்குத்தேனீக்குக் கொள்ளை நோயாயிற்று. அந்த வைரஸின் பரம்பரைச் செய்தி முழுவதும் சுமார் 8,800 எழுத்துகள். இந்தப் பத்திரிகையில் சில பக்கங்களுக்குள் அச்சிட்டுவிடலாம்! அவ்வளவு சிறிய ஓலை மூன்று ராஜ்யங்களின் தேன் தொழிலைச் சாய்த்துவிட்டது.

இனி, நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு மாண்டன, சரி. மீதிப் பத்து ஏன் மாளவில்லை? சில கூடுகள் காட்டின் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்ததனால் நோய் எட்டாமல் தப்பியிருக்கலாம். ஆனால் எட்டியும் தப்பின கூடுகளும் இருந்தன. சில வருஷங்களுக்குள் மலைப்பொந்துகளில் மறுபடியும் ரீங்காரம் கேட்டது. அந்த வைரஸ் நம் நாட்டை விட்டுப் போய்விடவில்லை. இன்றும் வருஷந்தோறும் அங்கங்கே கூடுகளைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. இருந்தும் ஈ வாழ்கிறது. அப்படியானால் அதன் உடலில் ஏதோ ஒரு கவசம் இருக்க வேண்டும்.

அம்மை குத்த முடியுமா?

இந்தக் கதையை ஒரு சமயம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து, “ஸார், மாட்டுக்குக் கோமாரி ஊசி போடுகிறார்களே, அதுமாதிரி தேனீக்கும் அம்மை குத்தினால் என்ன?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. மிகவும் நியாயமான கேள்வி அது.

மாட்டின் இரத்தத்திற்கு ஞாபகசக்தி உண்டு. ஒரு நோய்க்கிருமியை ஒரு முறை கண்டுவிட்டால் அதற்கென்றே எதிர்ப்பொருள் செய்து, அந்தச் செய்முறையை மறவாமல் வைத்திருக்கும். தடுப்பூசியின் தத்துவமே இந்த ஞாபகந்தான். நமக்கும், ஆட்டுக்கும், கோழிக்கும் அப்படியே. மாட்டுக் கூட்டங்களை நூற்றாண்டுக் கணக்கில் வாரிக்கொண்டுபோன வெக்கை நோய் இந்த ஊசியின் மகிமையால் 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது. தேனீக்கு, பொதுவாகப் பூச்சி இனத்துக்கே, இந்த எதிர்ப்பொருள் என்பது கிடையாது. இரத்தத்தில் ஞாபக ஏடு வைக்கும் இலாகாவே இல்லை.

ஆனால் ஊசிக்கு முன்பே மாட்டுக்கும் ஒரு காப்பு உண்டு. அது பிறவியிலேயே வருவது. உண்ணி கடித்துப் பரவும் தைலேரியா என்னும் காய்ச்சல், சீமைக் கலப்பு மாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்த சனியன். 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஸ்காத்லாந்து விஞ்ஞானிகள் ஹோல்ஸ்டீன் கன்றுகளுக்கும் நம் பஞ்சாப் தேசத்துச் சாஹிவால் கன்றுகளுக்கும் ஒரே அளவாக இந்தக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். சாஹிவால் இலேசான சுரத்தோடு தேறிற்று. ஹோல்ஸ்டீன் துவண்டு விழுந்தது. விந்தை என்னவென்றால், சீமைக் கன்றின் உடல் கிருமியை எதிர்க்காமல் இருந்துவிடவில்லை. அளவு மீறி எதிர்த்து, அந்த ஆவேசத்திலேயே தன்னைச் சுட்டுக்கொண்டது. எவ்வளவு கோபப்பட வேண்டும் என்ற அளவுகூட மரபணுவில் எழுதியிருக்கிறது! கிருமி இருந்த நாட்டிலே எத்தனையோ தலைமுறை வாழ்ந்த மாட்டுக்கு அந்த அளவு தெரிந்திருந்தது. சேர்வராயன் அடிவாரத்துச் சேலம் சீமைக்கே உரிய மேச்சேரிச் செம்மறியாட்டைக் காப்பதற்குப் பொட்டனேரியில் அரசாங்கம் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை வைத்து நடத்துவதும் இப்படிப்பட்ட பிறவிக் குணங்கள் கைநழுவிப் போகாமல் இருப்பதற்கே.

பூச்சிக்கு இருப்பதெல்லாம் இந்தப் பிறவிக் காப்பு ஒன்றே.

ஈயின் ஏடு

மரபணு என்றால் என்ன என்பதை இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஒரு நீண்ட ஏடு ஒவ்வொரு ஜீவ அணுவுக்குள்ளும் இருக்கிறது. அதில் ஒரு வேலைக்கு உரிய கட்டளைப் பகுதி எதுவோ அது ஒரு மரபணு. மனிதனின் ஏடு சுமார் 300 கோடி எழுத்து. அடுக்குத்தேனீயின் ஏட்டைக் கொரியா தேசத்து விஞ்ஞானிகள் 2015-இல் படித்து முடித்தார்கள். சுமார் 23 கோடி எழுத்து, பத்தாயிரத்துச் சொச்சம் மரபணு. அதற்கு ஒன்பது வருஷம் முன்பே, 2006-இல், ஐரோப்பியத் தேனீயின் ஏடு வெளியாயிருந்தது. அதில் ஒரு அதிசயம் கண்டார்கள். நோயெதிர்ப்புக்கு என்று பூச்சிகளிடம் இருக்கும் மரபணுக் குடும்பங்களைக் கணக்கிட்டபோது, பழ ஈயிடமும் மலேரியாக் கொசுவிடமும் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் தேனீயிடம் இருந்தது! ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே பொந்தில் வாழும் ஜாதிக்கு ஆயுதம் குறைவு. தனித்துத் திரியும் கொசுவுக்கு ஆயுதம் அதிகம். இது எப்படி?

முதலில் இருக்கிற ஆயுதத்தைப் பார்ப்போம். பழ ஈயின் உடலில் டோல் என்ற ஒரு மரபணு உண்டு. அது பழுதுபட்ட ஈ, பூஞ்சைக் காளான் தொற்றியவுடன் உடலெங்கும் காளான் முளைத்துச் செத்தது. இதை 1996-இல் ஜூல்ஸ் ஹோப்மனின் குழு பிரான்சில் கண்டறிந்தது. 2011-இல் அவருக்கு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. டோல் என்பது ஒரு காவற்காரன் மணி. பகைவன் வந்தான் என்றதும் மணி ஒலிக்கிறது. அணுவின் உள்ளே கட்டளை போகிறது. கிருமியின் தோலைத் துளைக்கும் சிறுசிறு அம்புகள் வார்க்கப்பட்டு இரத்தத்தில் கலக்கின்றன. தேனீயிடமும் இந்த மணியும் அம்புகளும் உண்டு. ராணிக்கு ஊட்டும் அரசப் பாலில்கூட அவ்வகை அம்பு ஒன்றைக் கலந்திருக்கிறது இயற்கை.

ஆனால் வைரஸ் தந்திரசாலி. அது இரத்தத்தில் நின்று போரிடுவதில்லை. அணுவுக்குள்ளேயே புகுந்து, அங்கே தன் 8,800 எழுத்தைப் படியெடுக்கத் தொடங்கிவிடும். உள்ளே புகுந்தவனை அம்பால் எய்ய முடியாது. இதற்கென்றே அணுவுக்குள் ஓர் அரிவாள்மணை இருக்கிறது. வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது அதன் ஓலை இரட்டை இழையாக முறுக்கிக்கொள்ளும். அணுவில் இயற்கையாக இருக்கும் ஓலையோ ஒற்றை இழை. இரட்டை இழையைக் கண்டதும் அரிவாள்மணை அதனை அவரைக்காய் நறுக்குவதுபோல் இருபத்தோர் எழுத்து, இருபத்திரண்டு எழுத்துத் துண்டுகளாக நறுக்கிவிடும். நறுக்கின துண்டை வீணாக எறிவதும் இல்லை. அதை ஓர் அடையாளச் சீட்டாகக் கையில் வைத்துக்கொண்டு, அதோடு பொருந்துகிற எழுத்து எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம் தேடித் தேடி அறுக்கிறது. இந்த மர்மத்தை 1998-இல் ஒரு சிறு புழுவிலே கண்டு வெளியிட்ட பயரும் மெல்லோவும் 2006-இல் நோபெல் பரிசு பெற்றார்கள். 2010-இல் சீன விஞ்ஞானிகள் ஒரு காரியம் செய்தார்கள்: சாக்புரூட் வைரஸின் எழுத்துகளில் ஒரு பகுதியை இரட்டை இழையாகச் செய்து அடுக்குத்தேனீப் புழுவுக்கு உணவோடு ஊட்டினார்கள். அரிவாள்மணைக்கு முன்கூட்டியே சீட்டு கிடைத்துவிட்டது. பிறகு வைரஸைக் கொடுத்தபோது புழுக்கள் பெரும்பாலும் பிழைத்தன. பின் பெஞ்சிப் பையன் கேட்ட அம்மைக் குத்தலுக்கு மிக அருகில் வந்துவிட்டோம் அல்லவா?

இன்னும் அருகிலும் வந்திருக்கிறார்கள். ராணி உண்ட பாக்டீரியாவின் சிறு துணுக்கை, முட்டையின் கருவுக்குச் சத்துக் கொண்டுபோகும் ஒரு புரதமே சுமந்து சென்று முட்டையில் சேர்ப்பதை 2015-இல் பின்லாந்து விஞ்ஞானிகள் கண்டார்கள். பிறக்கும் புழு அந்தப் பகைவனை எதிர்க்கச் சிறிது தயாராகவே பிறக்கிறது. இதைக்கொண்டு ஐரோப்பியத் தேனீயின் புழு அழுகல் நோய் ஒன்றுக்கு, ராணிக்குத் தீனி வழியே ஊட்டும் தடுப்பு மருந்தை அமெரிக்க அரசாங்கம் 2023-ஆம் ஆண்டு வாக்கில் அனுமதித்தது. ஆனால் அது பாக்டீரியாவுக்கு. நம் மலைத் தேனீயைக் கொன்ற வைரஸுக்கு அன்று. ஆய்வுக்கூடத்தில் செய்த இரட்டை இழையைக் காட்டுப் பொந்துக்கெல்லாம் கொண்டுபோய் ஊட்டுவதும் நடக்கிற காரியம் அன்று.

ஊரே உடம்பு

ஆயுதம் குறைந்த தேனீ எவ்வாறு பிழைக்கிறது என்று கேட்டோமே, அதற்கு விடை: அதன் பாதிக் கவசம் தனி ஈயின் உடலில் இல்லை, கூட்டத்தின் நடத்தையில் இருக்கிறது. நோயுற்ற புழுவை மூடியின் மேலிருந்தே மோப்பத்தால் அறிந்து, மூடியைக் கிழித்து, புழுவை இழுத்து வெளியே எறிந்துவிடும் வழக்கம் சில கூடுகளில் உண்டு. வைரஸ் பெருகி முதிர்வதற்குள் எறிந்துவிட்டால் நோய் அங்கேயே அறுந்தது. நடத்தைதானே, அதற்கும் மரபணுவுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். அமெரிக்காவில் வால்ட்டர் ராத்தன்புலர் என்பவர் 1964-இல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். நமக்கு மிகவும் பிடித்த சோதனை அது.

அவரிடம் சுத்தக்காரக் கூடு ஒரு வம்சம், அசட்டைக் கூடு ஒரு வம்சம் இருந்தன. இரண்டையும் மணம் செய்வித்தார். பிறந்த கூடுகள் எல்லாம் அசட்டையாகவே இருந்தன. அந்தப் பிள்ளைகளை மறுபடி சுத்தக்கார வம்சத்தோடு கலந்து 29 கூடுகள் செய்தார். அவற்றில் 6 கூடுகள் மூடியையும் கிழித்தன, பிணத்தையும் எறிந்தன. 9 கூடுகள் மூடியைக் கிழித்தன. உள்ளே கிடந்த பிணத்தைப் பார்த்தபடி சும்மா இருந்துவிட்டன! மீதி 14 கூடுகள் ஒன்றும் செய்யவில்லை. ராத்தன்புலர் அந்தப் பதினான்கிலும் தாமே கத்தியால் மூடியைத் திறந்து வைத்தார். என்ன ஆச்சரியம்! அவற்றில் 6 கூடுகள் உடனே பிணத்தை இழுத்து எறிந்தன. மூடி திறக்கும் குணம் வேறு, எறியும் குணம் வேறு. சீட்டுக்கட்டைக் குலுக்கினாற்போல் இரண்டும் தனித்தனியே வம்சத்தில் இறங்குகின்றன. இந்தக் குணங்களில் பங்கு கொள்ளும் மரபணுக்கள் இரண்டல்ல, பல என்று பின்வந்த ஆராய்ச்சி திருத்திற்று. ஆயினும் துப்புரவு என்பதும் பாட்டன் சொத்தாக வரக்கூடியது என்ற செய்தி நிலைத்துவிட்டது. (நம் வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் இதைச் சாக்காகச் சொல்லக் கூடாது.)

நம் அடுக்குத்தேனீ இந்தத் துப்புரவில் பேர்போனது. உலகத்துத் தேனீ வளர்ப்போரையெல்லாம் இன்று கலங்க அடிக்கும் வரோவா என்ற உண்ணி, ஆதியில் இதன் கூட்டில்தான் குடியிருந்தது. 1904-இல் ஜாவாவில் முதன்முதல் கண்டெடுக்கப்பட்டதும் இதன் கூட்டிலேதான். அடுக்குத்தேனீக் கூட்டிலே அந்த உண்ணி ஆண் புழுக்களின் அறையில் மட்டுமே வம்சம் வளர்க்க முடிகிறது. வேலைக்காரப் புழுவில் அது ஏறினால், புழு சீக்கிரமே வாடி நாற்றம் காட்டிவிடும், கூட்டத்தார் இழுத்தெறிந்துவிடுவார்கள். தான் செத்து ஊரைக் காப்பது இதுதான். ஐரோப்பியத் தேனீயின் புழுவோ உண்ணியைச் சுமந்துகொண்டே உயிரோடிருக்கும், உண்ணியும் பெருகும், கூடு அழியும்.

மற்றொரு காவலும் உண்டு: ஓடிப்போதல். நோய் மிகுந்தால் அடுக்குத்தேனீ அடையை அப்படியே விட்டுவிட்டு ராணியோடு பறந்துபோய் வேறு பொந்து தேடும். நோயுற்ற புழு ஒன்றும் கூடவராது. பெட்டிக்காரருக்கு இது பெரிய தொல்லை. ஈக்கு இது வைத்தியம். இதைப் பார்த்துத்தான், சாக்புரூட் கண்ட கூட்டில் ராணியைச் சில நாள் சிறு கூண்டில் அடைத்து வைத்து, முட்டையிடுவதை நிறுத்திவைக்கும் சிகிச்சை வந்தது. ஊட்டுவதற்குப் புழுவே இல்லையென்றால் வைரஸ் யாரிடம் போகும்?

பொந்து மரத்தின் விலை

ராணி தன் வாழ்நாளின் தொடக்கத்தில் ஆகாயத்தில் பறந்து, ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு ஆண் ஈக்களோடு கூடுகிறாள். அவை வெவ்வேறு கூட்டிலிருந்து வந்தவை. ஆகவே ஒரே கூட்டின் வேலைக்காரிகள் ஒரு தாய்க்குப் பல தகப்பன்மார் வழிப் பிள்ளைகள். ஒரு தகப்பன் வழியார் மோப்பத்தில் வல்லவர். மற்றொரு வழியாருக்கு அரிவாள்மணை கூர்மை. 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஒரே ஆண் ஈயின் விந்தைச் செலுத்திய ராணிகளின் கூடுகளையும், பல ஆண் ஈக்களின் விந்தைச் செலுத்திய ராணிகளின் கூடுகளையும் நோய்க்கு உட்படுத்திப் பார்த்தார்கள். பல தகப்பன் வழிக் கூடுகளே நோயைத் தாங்கின. நூற்றுக்குத் தொண்ணூறு கூடு அழிந்த இடத்தில் இதனால் ஓர் ஆபத்து நேர்கிறது. பிழைத்தவை சிலவே, அவை தங்களுக்குள்ளேயே கலக்க வேண்டியதாகிறது. தேனீயின் பால் நிர்ணயம் செய்யும் மரபணு ஒன்று உண்டு. தாய்வழியும் தந்தைவழியும் வந்த அதன் இரண்டு பிரதிகளும் ஒரே மாதிரி அமைந்துவிட்டால், வேலைக்காரியாக வேண்டிய முட்டை உதவாத ஆணாகிவிடும். புழுப் பருவத்திலேயே அதைக் கூட்டத்தார் தின்றுவிடுவார்கள். அடை ஓட்டை ஓட்டையாகும். ஆகவே கவசம் மட்டும் போதாது. கவசத்தில் பல தினுசும் வேண்டும்.

கொரியாவிலே 2009-இல் தொடங்கி இதே நோய் அங்கிருந்த அடுக்குத்தேனீயைச் சூறையாடியது. அவர்கள் பிழைத்த கூடுகளைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றிலிருந்து ராணி வளர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக எதிர்த்து நின்றதை மட்டும் பொறுக்கி, இரண்டு வம்சத்தைக் கலந்து, நோய் தாங்கும் இனம் ஒன்றை உண்டாக்கிக் குடியானவர்களுக்குக் கொடுத்தார்கள். அதன் ஆதாரம் பிழைத்த கூடு ஒன்றே.

நம் நாட்டில் பலர் பிடித்த வழி வேறு. இத்தாலியத் தேனீ என்கிற ஐரோப்பிய இனம் 1962-இல் பஞ்சாபின் மலைப்பகுதியில் குடியேற்றப்பட்டது. அது தேன் அதிகம் தரும், ஓடிப்போகாது. 1992-க்குப் பின் தெற்கேயும் காலிப் பெட்டிக்காரர் பலர் அதற்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே! சமவெளியில் சூரியகாந்தியும் ரப்பரும் உள்ள இடத்தில் அது நன்றாகவே உழைக்கிறது. ஆனால் அதற்கு உண்ணி மருந்து வேண்டும், பஞ்ச காலத்தில் சர்க்கரைப் பாகு வேண்டும், பூவைத் தேடி லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சேர்வராயன் சரிவில் காப்பி பூக்கும் மூன்று நாளுக்காக அதனை ஏற்றிவருவதைக் காட்டிலும், வருஷம் முழுவதும் அங்கேயே இருந்து, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக்குக்கும் பலாவுக்கும் நடுவே கிடைத்ததைத் தின்று வாழும் நாட்டு ஈயை இருக்க விடுவதே லாபம் என்று நமக்குத் தோன்றுகிறது. தவிர, வெளியூர்ப் பெட்டிகள் வரும்போது அவற்றோடு வெளியூர் வைரஸும் வருகிறது. ஒரே பூவில் இரண்டு ஈயும் வாய் வைக்கின்றன.

இம்மலையின் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையாள தேசத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை; காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் பூர்விகத்தைச் சொல்லிக்கொள்கிறார்கள். காட்டில் தேன் எடுக்கிறவர்கள் புழு அடையை விட்டு, தேன் அடையை மட்டும் அறுத்தால் கூடு மறுபடி கட்டும். நெருப்பு வைத்து முழுவதையும் எடுத்தால் நோயைத் தாங்கிய ஒரு வம்சமே அடுப்பில் போய்விடும். தோட்டக்காரர்களுக்கு உள்ள காரியம் இன்னும் எளிது. பூ மழைக்கு முன்னோ பின்னோ நிழல் மரம் கழிக்கும்போது, பொந்து விழுந்த கிழமரம் ஒன்றிரண்டை விட்டுவைக்கலாம். மர வியாபாரிக்கு அது விறகு விலைகூடப் பெறாது. பெட்டி வைக்க விரும்புவோர் வெளியூரிலிருந்து கூடு வாங்கி வருவதைக் காட்டிலும், அந்தப் பொந்திலிருந்தே ஈயைப் பெட்டிக்கு இறக்கிக்கொள்ளலாம். நோய் கண்ட கூட்டின் அடையையும் சட்டத்தையும் வேறு கூட்டுக்கு மாற்றக் கூடாது. கடையில் வாங்கின தேனை ஈக்கு ஊட்டக் கூடாது. புழு செத்துக் கிடந்தும் தானே துப்புரவு செய்து தேறிவரும் கூடு எதுவோ அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த ராணியை அதிலிருந்தே வளர்க்க வேண்டும். அந்த ராணி மணப்பறப்புக்குப் போகும்போது பெட்டிக்காரரால் கூடப் போக முடியாது. அவள் கூடும் ஆண் ஈக்கள் சுற்றுப்புறத்து மரப்பொந்துகளிலிருந்தும் பாறை இடுக்குகளிலிருந்தும் வந்தவையாகவே இருக்கும்.